கோழிக்கூண்டுக்குப் போன பம்பர்

எண்பத்தைந்து, எண்பத்தாறு வாக்கில் நடந்தது இது. அப்போது நாங்கள் மலேசியாவில் கோலசிலாங்கூர் பக்கம், புக்கிட் பெலிம்பிங் தாண்டி உள்ளே போகும் ஒரு செம்பனைத் தோட்டத்தில் குடியிருந்தோம். நாங்கள் என்றால் நான், என் கணவர், என் மாமியார். கணவருக்குத் தோட்டத்து ஆலையில் வேலை. எனக்கு டவுனில் ஒரு கிளினிக்கில் மருந்து எடுத்துக் கொடுக்கும் வேலை. மாமியாருக்கு எங்கள் இருவரையும் மேற்பார்வை பார்க்கும் வேலை. மூவரில் அவருக்குத்தான் ஓய்வே கிடைக்காது.

எங்களிடம் ஒரு பழைய கார் இருந்தது. என் அண்ணன் புதுக் கார் வாங்கியபோது பழையதை என் தலையில் கட்டிவிட்டார். வெளிர் நீல நிறம். ஹாரன் அடித்தால் ஜலதோஷம் பிடித்தவர் இருமுவது போல் கேட்கும். கணவரிடம் மோட்டார் சைக்கிள் லைசன்தான் இருந்தது. கார் லைசன் எடுக்கச் சொன்னால், "நீ ஓட்டுறியே, அது போதும்" என்பார். ஆகவே அந்தக் காரை ஓட்டியது நான் மட்டும்தான். தோட்டத்து வரிசை வீடுகளான எங்கள் லயத்தில் கார் ஓட்டிய முதல் பெண்ணும் நான்தான். இதைச் சொல்லிக்கொள்வதில் எனக்கு இன்றைக்கும் கொஞ்சம் பெருமை உண்டு. எதற்கு மறைக்க வேண்டும்?

லயத்தில் இருந்த எல்லோருமே ஏதாவது ஒரு காரியத்துக்கு அந்தக் காரில் ஏறியிருப்பார்கள். பிரசவ வலி, பிள்ளைகளுக்குக் காய்ச்சல், நிச்சயதார்த்தத்துக்குத் தட்டு கொண்டுபோவது, பஸ் நிறுத்தத்தில் இருந்து அரிசி மூட்டை ஏற்றி வருவது. அதனால் கார் என் பெயரில் இருந்தாலும் லயமே அதைத் தன்னுடையதாகத்தான் நினைத்தது.

மாமியாருக்கு மட்டும் அந்தக் காரைக் கண்டாலே ஆகாது. ஏறாமலும் இருக்க மாட்டார், ஏறிவிட்டு நிம்மதியாகவும் இருக்க மாட்டார். எப்போதும் பின் இருக்கையில்தான் உட்காருவார். கார் நகர்ந்ததும் கண்ணை இறுக்கி மூடிக்கொண்டு, "முருகா, முருகா" என்று முணுமுணுக்கத் தொடங்கிவிடுவார். எந்த ஊருக்குப் போனாலும் வழியில் என்ன இருக்கிறது என்று அவருக்குத் தெரியாது. மருமகள் கையில் உயிரைக் கொடுத்துவிட்டு உட்கார்ந்திருக்கிறேன் என்பதை எனக்குத் தெரியப்படுத்த அவர் கண்டுபிடித்த வழி அது என்று நான் நினைத்துக்கொள்வேன்.

அன்று ஞாயிற்றுக்கிழமை. சுங்கை ஆயர் தாவாரில் உறவுக்காரப் பிள்ளைக்குக் காது குத்து. கணவருக்கு ஆலையில் வேலை இருந்ததால் நானும் மாமியாரும் மட்டும் போய்விட்டுத் திரும்பிக்கொண்டிருந்தோம். வழியில் ஒரு குறுகலான வாய்க்கால் பாலம். ஒரு நேரத்தில் ஒரு பெரிய வண்டிதான் போக முடியும். எனக்கு முன்னால் செம்பனைக் குலைகளைக் குவித்து ஏற்றிய லோரி ஒன்று பாலத்தில் ஏறியது. எதிரே ஒரு பஸ்ஸும் ஏறிவிட்டது. இரண்டு பேரும் கொஞ்ச நேரம் முறைத்துக்கொண்டு நின்றார்கள். பஸ்காரர் அசையவில்லை. நான் பாலத்துக்கு இந்தப் பக்கம், நல்ல இடைவெளி விட்டு, காரை நிறுத்திவிட்டுக் காத்திருந்தேன்.

திடீரென்று லோரி பின்னால் வர ஆரம்பித்தது. நான் ஹாரன் அடித்தேன். எங்கள் கார் இருமியது. லோரிக்காரருக்கு எங்கே கேட்கப்போகிறது? எனக்குப் பின்னாலும் ஒரு வேன் நின்றதால் நகர வழியில்லை. லோரியின் பின்புறம் மெதுவாக, மிக மெதுவாக வந்து காரின் மூக்கில் இடித்தது. இடித்த அதிர்ச்சியில் மேலே இருந்த இரண்டு மூன்று குலைகள் சரிந்து தொம் தொம் என்று பானெட் மேல் விழுந்தன. செம்பனைக் குலையைத் தூக்கிப் பார்த்தவர்களுக்கு அதன் கனம் தெரியும். ஒரு முன்விளக்கு உடைந்தது. பம்பர் வளைந்து தொங்கியது. பானெட்டில் குழி குழியாக விழுந்துவிட்டது.

எங்கள் யாருக்கும் அடியில்லை. நான் இறங்கினேன். லோரி ஓட்டுநர் நம் ஆள்தான். இறங்கி வந்து பார்த்தார். முகம் வெளுத்துப் போனது. பிறகு என்ன நினைத்தாரோ, "பார்த்து வர வேணாமாம்மா? நின்ன வண்டியில வந்து இடிச்சிட்டியே" என்றார்.

எனக்கு வந்த கோபத்தைச் சொல்லி முடியாது. நின்றது நான், வந்தது நீங்கள் என்று கத்தினேன். அதற்குள் பஸ் பாலத்தைக் கடந்து போய்விட்டது. பின்னால் நின்ற வேன்காரரும் நமக்கேன் வம்பு என்று சுற்றிக்கொண்டு போய்விட்டார். பார்த்தவர்கள் என்று மிச்சம் இருந்தது என் மாமியார் மட்டும்தான். அவரோ கண்ணை மூடிக்கொண்டு வருகிறவர்.

போலீஸ் நிலையத்தில் இரண்டு பேரும் ரிப்போர்ட் செய்தோம். அவர் நான் இடித்தேன் என்றார், நான் அவர் இடித்தார் என்றேன். அங்கிருந்த போலீஸ்காரர் மாமியாரைப் பார்த்து, என்ன நடந்தது என்று மலாயில் கேட்டார். மாமியார் முந்தானையை இழுத்துப் போர்த்திக்கொண்டு, ஒன்றும் தெரியாது, கண்ணை மூடிக்கொண்டிருந்தேன் என்று சொல்லிவிட்டார். லோரி ஓட்டுநர் பெருமூச்சு விட்டது எனக்கே கேட்டது.

என்னுடையது பழைய கார் என்பதால் அடுத்தவர் வண்டிக்கு ஏற்படும் சேதத்துக்கு மட்டும்தான் இன்சூரன்ஸ் எடுத்திருந்தேன். சொந்தக் காருக்கு அதில் ஒன்றும் கிடைக்காது. லோரியின் மேல்தான் தவறு என்று முடிவானால், லோரியின் இன்சூரன்ஸ் கம்பெனி என் காரைச் சரிசெய்து தரும். இல்லாவிட்டால் என் பாடு. கம்பெனியில் இருந்து ஆள் வந்து காரைப் பார்ப்பார் என்றும், அதுவரை எதையும் தொடக்கூடாது, உடைந்தது உடைந்தபடியே இருக்க வேண்டும் என்றும் டவுன் பட்டறைக்காரர் எனக்குப் படித்துப் படித்துச் சொன்னார். காரை மெதுவாக ஓட்டிவந்து லயத்து ரம்புத்தான் மரத்தடியில் நிறுத்தினேன்.

நான் பயந்தது காருக்காக மட்டும் இல்லை. வீட்டுக்கு வந்ததும் மாமியார் தீர்ப்பு எழுதிவிட்டார். "நான் அப்பவே சொன்னேன். பொம்பளைக்கு எதுக்குக் காரு? இன்னிக்கு முருகன் புண்ணியத்துல தப்பிச்சோம். அவ அண்ணங்கிட்டயே திருப்பிக் குடுத்துடச் சொல்லு" என்று மகனிடம் சொன்னார். என் கணவர் யாருக்கும் நோகாமல் பேசுகிறவர். இரண்டு பக்கமும் பார்த்துவிட்டு, "இன்சூரன்ஸ்காரன் வந்து பார்க்கட்டும்மா. லோரி மேல தப்புன்னா காரு இருக்கட்டும். இவ மேல தப்புன்னா குடுத்துடலாம்" என்றார். நியாயமான பேச்சுதான். ஆனால் கார் போனால் என் வேலையும் போய்விடும். பஸ் வரும் சாலைக்கு லயத்தில் இருந்து செம்பனைக்கு நடுவே மண் பாதையில் நடக்க வேண்டும். மழைக்காலத்தில் சேறு, இருட்டினால் பாம்பு. கிளினிக் அடைக்கும் நேரத்துக்குக் கடைசி பஸ் கிடைத்தால் உண்டு, இல்லையென்றால் இல்லை. கல்யாணத்துக்குப் பிறகு நான் அடம்பிடித்து வாங்கிய வேலை அது. ஆக, காரைப் பார்க்க வரும் அந்த ஆள், காரை மட்டும் பார்க்கப் போவதில்லை.

அந்த நாட்களில் கணவர் மோட்டார் சைக்கிளில் என்னை பஸ் நிறுத்தம்வரை கொண்டுவிட்டார். அவருக்கு வேலை இருக்கும் நாட்களில் நடந்தேன். லயத்துப் பெண்கள் என்னைப் பார்த்து உச்சுக் கொட்டினார்கள். தண்ணீர்க் குழாயடியில் என் விஷயத்தைத் தவிர வேறு பேச்சில்லை. எல்லோரும் என் பக்கம்தான். ஆனால் அன்றைக்குப் பாலத்துப் பக்கம் அவர்களில் யாரும் இல்லையே.

ஒருநாள் தோட்டத்து ஆபீசுக்குப் போன் வந்தது. சனிக்கிழமை காலையில் இன்சூரன்ஸ் ஆபீசர் கார் இன்ஸ்பெக்‌ஷனுக்கு வருகிறார் என்று ஆபீஸ் எழுத்தரான கிராணி, ஆட்களை வேலை வாங்கும் மண்டோரிடம் சொல்லி அனுப்பினார். மண்டோர் எங்கள் வீட்டு வாசலில் வந்து சொல்லிவிட்டு, லயம் முழுக்கவும் சொல்லிவிட்டுப் போனார். நான் சனிக்கிழமைக்கு லீவு கேட்டு வாங்கினேன். காரை யாரும் தொடக்கூடாது என்று கணவரிடம் சொல்லி வைத்தேன். அவரும் தலையாட்டினார். தலையாட்டியதோடு சரி, அந்த வாரம் ஆலையில் காய் அதிகம், அவர் தூங்கிய நேரமே குறைவு.

இந்த இடத்தில் தோட்டத்து வழக்கம் ஒன்றைச் சொல்ல வேண்டும். தோட்டத்தில் பிறந்து வளர்ந்தவர்களுக்கு இன்ஸ்பெக்‌ஷன் என்றால் ஒரே அர்த்தம்தான். பெரிய துரை வருகிறார், அல்லது சுகாதார அதிகாரி வருகிறார் என்றால், முதல் நாளே லயத்தைச் சுத்தம் செய்துவிடுவார்கள். தண்ணீர் போகும் கானை வழித்துச் சுண்ணாம்பு தெளிப்பார்கள். உடைந்த பலகையைத் தட்டிப் பொருத்துவார்கள். கொடியில் காயும் கிழிசலைக்கூட எடுத்து உள்ளே வைத்துவிடுவார்கள். வருகிறவர் கண்ணில் ஒரு குறையும் படக்கூடாது. பட்டால் நமக்குத்தான் தலைகுனிவு. உடைந்ததை அப்படியே காட்டினால் சரிசெய்து தருவார்கள் என்று அங்கே யாருக்கும் யாரும் சொல்லிக்கொடுத்ததில்லை.

வெள்ளிக்கிழமை மாலை நான் பஸ்ஸில் இருந்து இறங்கி நடந்து வந்தேன். லயத்தை நெருங்கும்போதே சுண்ணாம்பு வாசனை. கான் ஓரமெல்லாம் வெள்ளைக் கோடு. என்ன விசேஷம் என்று யோசித்துக்கொண்டே வந்தவள், ரம்புத்தான் மரத்தடியில் அப்படியே நின்றுவிட்டேன்.

என் கார் புது மாப்பிள்ளை மாதிரி நின்றது. பானெட்டில் ஒரு குழி இல்லை. முன்புறம் முழுக்கப் புதுச் சாயம். அதுவும் காரின் வெளிர் நீலம் இல்லை, தோட்டத்துத் தண்ணீர்த் தொட்டிக்கு அடித்த அடர்த்தியான நீலம். உடைந்த விளக்குக்குப் பதிலாக எங்கிருந்தோ ஒரு விளக்கு, இன்னொன்றைவிடக் கொஞ்சம் பெரிது. பம்பர் இருந்த இடத்தில் வெள்ளிச் சாயம் பூசிய தண்ணீர்க் குழாய் ஒன்றை வெல்டிங் வைத்திருந்தார்கள். கண்ணாடிக்கு மஞ்சள், குங்குமம். நாலு சக்கரத்துக்கும் எலுமிச்சம்பழம்.

காரைச் சுற்றி ஒரு கூட்டம் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தது. ஆலையில் ஃபிட்டராக இருக்கும் என் கணவரின் நண்பர் கையைத் துடைத்துக்கொண்டே, "அண்ணி, காலையில ஆரம்பிச்சோம், இப்பதான் முடிஞ்சிச்சு. எங்க இடிச்சிச்சுன்னு அந்த ஆளு கண்டுபுடிக்கட்டும் பார்ப்போம்" என்றார். மண்டோர், "நம்ம லயத்துக் காரு. ஒரு பய வந்து குறை சொல்லிட்டுப் போக முடியாதுலா" என்றார்.

எனக்கு அழுவதா சிரிப்பதா என்று தெரியவில்லை. ஒரு நாள் சம்பளத்தை விட்டுவிட்டு ஒருவர், தோட்டத்துச் சாயத்தைக் கேட்டு வாங்கி வந்து ஒருவர், வெயிலில் நின்று தேய்த்துக் கழுவியவர்கள் எத்தனை பேரோ. இவர்களிடம் என் தலையில் மண்ணைப் போட்டுவிட்டீர்கள் என்று எப்படிச் சொல்வது? "நல்லா இருக்கு" என்று மட்டும் சொன்னேன். வீட்டுக்குள் போய் அடுப்படியில் நின்று அழுதேன். வேலைவிட்டு வந்த கணவர் காரைப் பார்த்துவிட்டு, உள்ளே வந்து என்னைப் பார்த்துவிட்டு, ஒன்றும் பேசாமல் குளிக்கப் போய்விட்டார். பேசியிருந்தால் வாங்கிக் கட்டிக்கொண்டிருப்பார்.

மறுநாள் காலையில் அந்த ஆபீசர் வந்தார். நடுத்தர வயது மலாய்க்காரர். கழுத்தில் கேமரா. லயமே வாசலில் நின்றது. அவர் இறங்கி நாலு பக்கமும் பார்த்தார். பிறகு என்னிடம் மலாயில், இடிபட்ட கார் எங்கே இருக்கிறது என்று கேட்டார்.

மண்டோர் முன்னால் வந்து, பெருமையோடு கையைக் காட்டினார். இதுதான் என்றார்.

ஆபீசர் காரை ஒரு சுற்று சுற்றினார். எலுமிச்சம்பழத்தை மிதிக்காமல் தாண்டிப் போனார். நீலச் சாயத்தை விரலால் தொட்டுப் பார்த்தார், விரலில் ஒட்டிக்கொண்டது. கைக்குட்டையால் துடைத்துக்கொண்டே என்னைப் பார்த்தார். நான் தரையைப் பார்த்தேன். அவர் கோபப்படவில்லை. நான் சேதத்தைப் பார்த்து எழுத வந்தவன், சேதம் இல்லை என்றால் நான் எதை எழுதுவது என்று மெதுவாகக் கேட்டார்.

கூட்டத்தில் மலாய் தெரியாதவர்களே இல்லை. ஃபிட்டரின் முகத்தில் விஷயம் மெல்ல ஏறுவது தெரிந்தது. அவர் தலையில் கைவைத்துக்கொண்டு எங்கள் படிக்கட்டில் உட்கார்ந்துவிட்டார். அவருக்காகத்தான் எனக்கு அதிகம் வருத்தமாக இருந்தது.

கழற்றிய சாமான்கள் இருக்கின்றனவா என்று ஆபீசர் கேட்டார். அவ்வளவுதான். லயத்தில் எதையும் தூக்கிப் போடுகிற பழக்கம் கிடையாது. ஆளுக்கு ஒரு பக்கம் ஓடினார்கள். உடைந்த விளக்கின் வளையம் ஒரு வீட்டில் பூந்தொட்டிக்கு அடியில் இருந்து வந்தது. கண்ணாடித் துண்டுகள் குப்பைக் குழியில் இருந்து ஒரு தகர டப்பாவில் வந்தன. பம்பரைத்தான் காணோம். எல்லோரும் தேடினார்கள். கடைசியில் என் மாமியார், யார் முகத்தையும் பார்க்காமல், "அது கோழிக்கூண்டுல இருக்கு" என்றார்.

முதல் நாள் கழற்றிப் போட்டதுமே அவர் அதை எடுத்துக்கொண்டுபோய், கோழிக்கூண்டின் கதவு ஓரத்தில் முட்டுக் கொடுத்து, கம்பியால் இறுக்கிக் கட்டியிருந்தார். கீரிப்பிள்ளை வரும் வழியாம் அது. கழற்றட்டுமா என்று என் கணவர் கேட்டதற்கு, "கழட்டினா என் கோழிய யாரு பார்த்துக்குவா?" என்று கேட்டார். ஆபீசர் வேண்டாம் என்று சிரித்துவிட்டு, கூண்டுக்கு முன்னால் குத்துக்காலிட்டு உட்கார்ந்து, பம்பரை அதே இடத்தில் வைத்தே படம் எடுத்தார். உள்ளே இருந்த கோழி கழுத்தை நீட்டி அவரைப் பார்த்தது. அந்தப் படத்தை ஏதோ ஓர் ஆபீசில் யாரோ பார்த்திருப்பார்கள் என்று நினைத்தால் எனக்கு இப்போதும் சிரிப்பு வரும்.

பிறகு அவர் பானெட்டைத் திறக்கச் சொன்னார். திறந்ததும்தான் எனக்கே தெரிந்தது. வெளியே எவ்வளவு வழுவழுப்பாக இருந்ததோ, உள்பக்கம் அவ்வளவும் சுத்தியல் தழும்பு. குழிகளை உள்ளிருந்து தட்டி எடுத்திருந்தார்கள். உள்பக்கம் சாயம் அடிக்க யாருக்கும் தோன்றவில்லை. எங்கே அடிபட்டது என்று தடவிப் பார்த்தே சொல்லிவிடலாம்.

ஆபீசர் குனிந்து வெகு நேரம் பார்த்தார். காரின் மூக்குப் பக்கம் சில தழும்புகள். அதைவிடப் பெரிய தழும்புகள் பானெட்டின் நடுவில். முன்னால் போய் இடித்த காருக்கு நடுவில் எப்படி அடிபடும் என்று கேட்டார். மேலே இருந்து செம்பனைக் குலை விழுந்தது என்றேன். அவர் நிமிர்ந்தார். இவ்வளவு சின்னக் கார் போய் இடித்து, நின்றுகொண்டிருந்த லோரியில் இருந்து குலை சரிந்து விழுமா என்று தனக்குத்தானே கேட்டுக்கொள்வது போல் சொன்னார். என் வயிற்றில் பால் வார்த்தது போல் இருந்தது. ஆனால் அவர் உடனே, விழுந்ததை யாராவது பார்த்தார்களா என்று கேட்டார். இல்லை என்று சொல்ல நான் வாயைத் திறந்தேன்.

அதற்குள் ஆபீசர் என் மாமியார் பக்கம் திரும்பிவிட்டார். காரில் இன்னொருவர் இருந்ததாக ரிப்போர்ட்டில் இருக்கிறதே, நீங்கள்தானா மக்சிக் என்று, ஒரு பெரியம்மாவிடம் கேட்பது போல் மரியாதையாகக் கேட்டார். நீங்கள் கண்ணை மூடிக்கொண்டிருந்தீர்களாமே?

மாமியார் முந்தானையைத் தேடினார். பிறகு தேடுவதை விட்டுவிட்டார். தமிழிலேயே, எல்லோருக்கும் கேட்கும்படி சொன்னார்.

"காரு ஓடறப்பதான் நான் கண்ண மூடுவேன். நின்னா தொறந்துடுவேன்."

யாருக்கும் முதலில் விளங்கவில்லை. அவர் தொடர்ந்தார். "அன்னிக்கு இவ காரை நிறுத்திட்டா. ஏன் நிறுத்திட்டான்னு கண்ணத் தொறந்தேன். தொறந்தா லோரியோட பின்பக்கம் எங்கள பார்த்து வந்துகிட்டு இருக்கு. இவ ஹாரன் அடிக்கிறா, அவன் வந்துகிட்டே இருக்கான். வந்து இடிச்சிட்டான். அப்புறம்தான் குலை விழுந்திச்சு. விழுந்ததும் மறுபடி மூடிக்கிட்டேன்."

என் கணவர் அதை மலாயில் சொன்னார். சொல்லும்போதே அவருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. லயமே சிரித்தது. ஆபீசரும் சிரித்தார். நான் மட்டும் சிரிக்கவில்லை. மாமியாரையே பார்த்துக்கொண்டு நின்றேன். 

போவதற்கு முன்னால் ஆபீசர் ஃபிட்டரிடம், வேலைக்கு எவ்வளவு கூலி வாங்கினீர்கள், சொன்னால் அதையும் சேர்த்துக் கேட்டுப் பார்க்கலாம் என்றார். ஃபிட்டர், "அண்ணி காருக்கு யாராவது காசு வாங்குவாங்களா?" என்று என்னைப் பார்த்துக் கேட்டார். ஏதாவது ஒரு தொகையைச் சொல்லுங்கள் என்று நான் கண் ஜாடை காட்டினேன். கணவர் காட்டினார். மண்டோரும் காட்டினார். அவர் கடைசிவரை வாயைத் திறக்கவில்லை. கூலி வாங்கினேன் என்று பேச்சுக்குக்கூடச் சொல்ல அவருக்கு வரவில்லை. ஆபீசர் அவர் தோளைத் தட்டிவிட்டு, எங்கள் வீட்டுத் தேநீரைக் குடித்துவிட்டுப் போனார்.

அன்று மாலை மாமியார் கோழிகளைக் கூண்டில் அடைக்கும்போது நான் பக்கத்தில் போய் நின்றேன். ஏன் அத்தை முன்னாலேயே சொல்லவில்லை என்று கேட்டேன். கொஞ்ச நேரம் கோழிகளிடமே பேசிக்கொண்டிருந்தார். பிறகு, "போலீசுக்காரன் கேட்டா ஒண்ணும் தெரியாதுன்னுதான் சொல்லணும்னு எங்கம்மா சொல்லிக் குடுத்தாங்க. வாயில வந்திடுச்சு. அங்க ஒண்ணு சொல்லிட்டு வீட்டுல வந்து வேற சொல்லவா?" என்றார். அதோடு நிறுத்தியிருக்கலாம். நிறுத்தவில்லை. "அதோட, காரு போயிட்டா நீ வீட்டோட இருப்பேன்னு நெனச்சேன். பகலெல்லாம் நான் மட்டும்தானே இருக்கேன்."

எனக்குக் காரைப் பிடிக்காத ஒரு மாமியார் இருக்கிறார் என்றுதான் நான் அதுவரை நினைத்திருந்தேன். சரி, பிறகு ஏன் சொன்னீர்கள் என்று கேட்டேன்.

"ஊரே உன் காருக்குச் சாயம் அடிச்சிருக்கு. அந்த மனுசன் எங்கோழிக்கூண்டு முன்னால உக்காந்து படம் புடிக்கிறான். நான் மட்டும் பொய் சொல்லிக்கிட்டு நிக்கவா?" என்று சொல்லிவிட்டுக் கூண்டுக் கதவைச் சாத்தினார். பம்பர் சரியாகத்தான் முட்டுக் கொடுத்திருந்தது.

சில வாரங்களுக்குப் பிறகு முடிவு வந்தது. தவறு லோரியின் மேல்தான். விளக்குக்கும் பம்பருக்கும் பணம் கொடுத்தார்கள், பட்டறையில் சாயம் அடிக்கவும் கொடுத்தார்கள். சாயத்தை மாற்ற எனக்கு மனம் வரவில்லை. விளக்கை மட்டும் மாற்றினேன், புதுப் பம்பர் போட்டேன். மிச்சத்தில் லயத்துக்கே ஆட்டுக்கறிச் சாப்பாடு போட்டோம். முதல் இலை ஃபிட்டருக்கு. இரண்டு நீலத்தோடு அந்தக் கார் இன்னும் பல வருடம் ஓடியது. வேறு தோட்டத்துக்காரர்கள் தூரத்தில் பார்த்தே, அந்த கிளினிக்கு அக்கா வருது என்பார்கள்.

அந்த லோரி ஓட்டுநரும் ஒருமுறை இருமலுக்கு மருந்து வாங்க எங்கள் கிளினிக்குக்கு வந்தார். என்னைப் பார்த்ததும் திரும்பிப் போய்விடுவார் போல் இருந்தது. மருந்தைக் கொடுத்து, எந்த வேளை எவ்வளவு என்று சொன்னேன். வாங்கிக்கொண்டு, "காரு எப்படிம்மா இருக்கு?" என்று கேட்டார். ஓடுகிறது என்றேன். லோரி முதலாளியான தவ்கேயிடம் வேலை போய்விடும் என்ற பயத்தில் சொன்னதாகச் சொல்லி மன்னிப்புக் கேட்டார். அவர் மேல் எனக்கு இருந்த கோபமும் அன்றோடு தீர்ந்தது.

மாமியார் அதற்குப் பிறகு பின் இருக்கையில் உட்காரவில்லை. முன்னால், என் பக்கத்தில் வந்து உட்கார்ந்துகொண்டார். வேலையில்லாத ஞாயிறுகளில் எங்காவது போகலாமா என்று அவரே கேட்பார். சபாக் வரைக்கும் போய் மீன் வாங்கிக்கொண்டு வருவோம். கண்ணை மூடுவதை மட்டும் அவர் கடைசிவரை விடவில்லை. கார் நகர்ந்ததும் மூடிவிடுவார். பாலத்திலோ கடை வாசலிலோ நான் பிரேக் போட்டதும் சட்டென்று திறந்து, முதலில் என் முகத்தைப் பார்ப்பார், பிறகு சாலையைப் பார்ப்பார்.

அவர் போய்ப் பல வருடம் ஆகிவிட்டது. காரும் இல்லை, அந்த லயமும் இல்லை. இப்போது நான் ஓட்டுவது வேறு கார். ஆனாலும் சிவப்பு விளக்கில் கார் நிற்கும்போதெல்லாம் என் தலை தானாக இடது பக்கம் திரும்பிவிடுகிறது. என் பக்கம் நின்று பேச ஒருவர் கண் திறந்து பார்த்துக்கொண்டிருக்கிறார் என்ற தைரியத்தில்தான், இந்த வயதிலும் நான் பயமில்லாமல் ஓட்டிக்கொண்டிருக்கிறேன்.